வெளிச்சத்தில் சுத்தமாகும் இரத்தம்: ஓர் அன்பளிப்புக்கு எங்கள் பதில்

(புதுச்சேரியில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனையின் சார்பில் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கையும் பிரசவ வார்டின் செய்திகளையும் சொல்லுவோம். அவை அச்சிட்டு உங்கள் கையில் இருக்கின்றன. இன்று ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல ஆண்டுகளாக எங்களுக்கு உதவி வரும் ஓர் அம்மா. அவருடைய மகள் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. நம் ஊரில் இது புதிதல்ல. வீதிக்கு ஒரு வீட்டிலாவது அங்கிருந்து பென்ஷனோ போனோ வராமல் இருக்காது. அவருடைய மருமகனுக்கு அங்கே இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்தபோது அடிக்கடி தட்டணுக்கள் ஏற்றினார்களாம். "அந்தப் பைகளை முதலில் ஒரு விளக்கின் கீழே வைத்துக் கிருமிகளைக் கொன்று விட்டுத்தான் ஏற்றுவார்கள் என்று என் மகள் சொன்னாள். அந்தக் கருவி ஒன்றை உங்கள் ஆஸ்பத்திரிக்கு நான் வாங்கித் தருகிறேன். விலை என்னவென்று எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்.

கொடுக்கிற பணத்தை வேண்டாம் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உடனே விலையை எழுதி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து யோசித்தோம். அந்த அம்மாவின் அனுமதியோடு, யோசித்ததை உங்கள் எல்லோருக்கும் சொல்லுகிறோம்.

அந்தக் கடிதம் எங்களை ஏன் இவ்வளவு தொட்டது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எங்களிடம் வந்தார். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வெளியிலிருந்து தட்டணுப் பை வரவழைத்து ஏற்றினோம். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தது, காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் இறங்கியது. இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஒரு கணமும் தாமதிக்காமல் சொட்டை நிறுத்தினார். பையைத் தூக்கி எறியாமல் அப்படியே கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்தப் பையில் பாக்டீரியா வளர்ந்திருந்தது. சரியான மருந்தை உடனே கொடுத்ததால் தாய் பிழைத்தார். குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இதில் யார்மேலும் குற்றம் சொல்லுவதற்கில்லை. தட்டணுவின் இயல்பு அப்படி. சிவப்பணுக்களைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 6 டிகிரியில் வைக்கிறோம். அந்தக் குளிரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. பிளாஸ்மாவை உறையவைத்து விடுகிறோம். தட்டணுக்களைக் குளிரில் வைத்தால் அவை சரியாக வேலை செய்யாது; 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். நமக்கு இதமான அந்தச் சூடு பாக்டீரியாவுக்கும் இதம். தானம் கொடுப்பவரின் தோலிலிருந்து ஊசி வழியாக ஒன்றிரண்டு கிருமிகள் உள்ளே போனாலும் நாலைந்து நாளில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். அதனால்தான் தட்டணுப் பையின் ஆயுள் பொதுவாக ஐந்தே நாள்.

நம் நாட்டில் ஒவ்வொரு தான இரத்தத்துக்கும் ஐந்து பரிசோதனைகள் கட்டாயம்: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, சிபிலிஸ், மலேரியா. இந்த ஐந்தும் எளிதாக வந்துவிடவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. 1989-ல் தான இரத்தத்துக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமாயிற்று. அப்போதும் காசுக்கு இரத்தம் விற்கிற பழக்கம் இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. மஞ்சள் காமாலை சி பரிசோதனை அதற்கும் பிறகே வந்தது.

ஆனால் பரிசோதனை என்பது நாம் பெயர் தெரிந்து தேடுகிற கிருமியை மட்டுமே கண்டுபிடிக்கும். தேடாததை அது பார்க்காது. தேடுகிற கிருமியும், உடம்பில் புகுந்த முதல் சில நாட்களில் அகப்படாது. மேலும் டெங்கு, சிக்குன்குனியா போன்றவை அந்த ஐந்தில் இல்லை. வடகிழக்குப் பருவமழை முடிகிற காலத்தில் நம் ஊரில் காய்ச்சல் வார்டு நிரம்புவதை நீங்கள் அறிவீர்கள். கொசுவால் வரும் நோய்களை ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் நம் புதுச்சேரியில் இயங்குகிறதென்றால், இங்கே கொசுக்களுக்குக் குறைவில்லை என்றுதானே பொருள்!

இந்த இடத்தில்தான் வெளிச்சத்தின் வேலை வருகிறது. எந்தக் கிருமி என்று பெயர் கேட்காமல், பையில் இருக்கும் எதுவும் பெருக முடியாதபடி செய்துவிடுவதே இந்த முறையின் நோக்கம்.

இதன் ஆரம்பம் நம் பெரிய மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. கார்போகரிசி என்று கேட்டால் கறுப்பாக ஒரு விதையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். தோலில் வெண்புள்ளி வந்தவர்களுக்கு அதைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்லுவது நம் நாட்டுப் பழைய வைத்தியம். மருந்து மட்டும் போதாது, வெயில் மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும் என்று நம் முன்னோர் கண்டிருந்தார்கள். அந்த விதையிலிருந்து 1933-ல் நம் நாட்டு வேதியியல் அறிஞர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் தாவரவியல் பெயரை ஒட்டி அதற்குச் சோரலென் என்று பெயர். இன்று தட்டணுப் பையில் கலக்கும் அமோட்டோசலென் என்ற மருந்து அந்தச் சோரலென் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆய்வகத்தில் செய்யப்பட்டது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். எந்தக் கிருமியாக இருந்தாலும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்க அதற்கு ஒரு மரபு இழை வேண்டும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று சொல்லுகிறோமே, அது. இரண்டு புரியாலான அந்த இழையை ஒரு ஜிப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பெருக வேண்டுமானால் ஜிப் திறக்க வேண்டும். அமோட்டோசலென் அதன் பற்களுக்கு நடுவே போய் உட்காருகிறது. இருட்டில் அது ஒன்றும் செய்யாது. புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் காட்டியதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. பிறகு ஜிப் திறக்காது, கிருமி பெருகாது. மீந்த மருந்தை, அதை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் வைத்த இன்னொரு பையில் விட்டு நீக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் தட்டணுக்கள் கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அது நம் உடம்பில் பெருகுவதற்காக ஏற்றப்படுவதில்லை. சில நாள் இருந்து இரத்தக் கசிவை அடைப்பதே அதன் வேலை. ஆகவே கிருமிக்கு உயிர்நாடியான இடத்தில் விழும் அடி தட்டணுவை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தானம் கொடுத்தவரின் வெள்ளணுக்கள் பையில் மிச்சமிருந்தால் அவையும் அடங்கிவிடும். அது கூடுதல் நன்மை.

இதே காரியத்தை ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, கலந்து புற ஊதா ஒளி காட்டியும் செய்கிறார்கள். அது நாம் பாலிலும் கீரையிலும் சாப்பிடுகிற சத்துதான். அதனால் அதை நீக்கவேண்டிய தேவை இல்லை. பிளாஸ்மாவுக்கு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து சாதாரண வெளிச்சம் காட்டும் முறையும் உண்டு. ஜெர்மனியில் 1990-களின் தொடக்கத்திலேயே அது நடைமுறைக்கு வந்தது.

இது நிஜமான ஆபத்துக் காலத்தில் எப்படி உதவியது என்பதற்கு ஒரு தீவின் கதையைச் சொல்லவேண்டும். இந்துமாக் கடலில் உள்ள ரியூனியன் தீவு பிரான்சின் ஒரு பகுதி. நமக்கும் அதற்கும் உறவு பழையது. கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் அங்கே போனார்கள். அந்தக் குடியேற்றம் 1882-ல் நிறுத்தப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

2005-ல் அந்தத் தீவில் சிக்குன்குனியா நுழைந்தது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். கடைசியில் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வெளியே தெரிவதற்கு முன்பே வைரஸ் இரத்தத்தில் ஓடத் தொடங்கிவிடும். அன்று நல்ல உடம்போடு தானம் கொடுக்க வருகிறவரிடமும் அது இருக்கலாம். ஆகவே 2006 ஜனவரியில் தீவில் இரத்தம் எடுப்பதையே நிறுத்தினார்கள். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் பிரான்சிலிருந்து விமானத்தில் வந்தன. தட்டணுவுக்கு அது சரிப்படவில்லை. ஐந்து நாள் ஆயுள் உள்ள பொருளைப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும் தூரத்திலிருந்து எத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்க முடியும்? புற்றுநோய் வார்டில் படுத்திருப்பவர்கள் காத்திருக்க மாட்டார்களே.

அப்போது அவர்கள் தட்டணுக்களை மட்டும் தீவிலேயே எடுத்து, அமோட்டோசலென் கலந்து, ஒளி காட்டி ஏற்றத் தொடங்கினார்கள். ஏற்றிக்கொண்ட நோயாளிகளைக் கவனித்து எழுதிய மருத்துவ அறிக்கை 2009-ல் வெளிவந்தது. அந்தத் தட்டணுக்களால் சிக்குன்குனியா பரவியதாக அதில் இல்லை. அதே 2006-ல் சிக்குன்குனியா நம் நாட்டிலும் பரவி, பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை மூட்டுவலியோடு கிடத்தியது உங்களுக்கு நினைவிருக்கும்.

பிரான்ஸ் இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டியதற்குப் பின்னால் ஒரு துக்கமும் இருக்கிறது. 1980-களில் அங்கே ஹீமோஃபிலியா நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்கள் உயிர் வாழ ஏற்றிக்கொண்ட மருந்தின் வழியாகவே எச்.ஐ.வி. வந்தது. சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை தெரிந்த பிறகும் தாமதித்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. 1992-ல் அதிகாரிகளும் 1999-ல் முன்னாள் மந்திரிகளும் நீதிமன்றத்தில் நின்றார்கள். சுவிட்சர்லாந்து 2011 முதலும், பிரான்ஸ் 2017 முதலும் நாடு முழுவதும் தட்டணுக்களுக்கு இந்த ஒளிமுறையைக் கைக்கொண்டன. நம் அம்மாவின் மருமகனுக்குக் கிடைத்தது அந்தப் பாதுகாப்புதான்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் காரணங்களை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுகிறோம்.

முதலாவது, எங்களிடம் இருப்பது இரத்தச் சேமிப்பு அறை மட்டுமே. உரிமம் பெற்ற பெரிய இரத்த வங்கியிலிருந்து பைகளை வாங்கி, பத்திரமாக வைத்து ஏற்றுகிறோம். ஒளி காட்டும் வேலை, இரத்தத்தைப் பிரித்துத் தட்டணு தயாரிக்கிற இடத்திலேயே நடக்கவேண்டும். எங்கள் அறையில் அந்தக் கருவி வந்தால் துணி போட்டு மூடித்தான் வைக்கவேண்டும்.

இரண்டாவது, எங்கள் நோயாளிகளுக்கு அதிகமாக வேண்டியது சிவப்பணு. பாகூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் இரத்தசோகையோடு வரும் கர்ப்பிணிகளுக்கு அதுவே உயிர். சிவப்பணுக்கள் ஒளியைத் தாமே குடித்துவிடும். ஆழத்தில் இருக்கும் கிருமிவரை ஒளி போய்ச் சேருவது கடினம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் குமாசி நகரில் முழு இரத்தத்துக்கே வைட்டமின் பி2-வும் ஒளியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், மலேரியாக் கிருமியுள்ள சாதாரண இரத்தம் ஏற்றிய 37 பேரில் 8 பேருக்கு மலேரியா தொற்றியது. ஒளி காட்டிய இரத்தம் பெற்ற 28 பேரில் ஒருவருக்கு மட்டுமே. நமக்கு இது நம்பிக்கை தருகிற செய்தி. ஆனால் தட்டணுவுக்குப் போல எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்யும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை.

மூன்றாவது, இந்த முறைக்கும் எல்லை உண்டு. மஞ்சள் காமாலை ஏ, ஈ வைரஸ்களையும், சில பாக்டீரியாக்களின் தடித்த வித்துக்களையும் இது சரியாக அடக்குவதில்லை. தட்டணுக்களிலும் கொஞ்சம் நஷ்டமாகும். சிலருக்கு இன்னொரு பை கூடுதலாக வேண்டியிருக்கும்.

நான்காவது, செலவு. கருவியை ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடாது. ஒவ்வொரு தானத்துக்கும் தனிப் பைத்தொகுதி வேண்டும். ஒருமுறைதான் அதைப் பயன்படுத்தலாம். அந்தச் செலவு கடைசியில் படுக்கையில் இருக்கும் ஏழையின் சீட்டில் வந்து நிற்கும்.

ஆகவே இப்படிப்பட்ட கருவி இருக்கவேண்டிய இடம், ஊர் முழுவதுக்கும் தட்டணு தயாரித்துக் கொடுக்கும் ஒரு பெரிய மையம். நம் வட்டாரத்தின் மருத்துவமனைகள் சேர்ந்து அதை ஏற்படுத்தும் நாள் வந்தால், உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்க நாங்களே உங்களிடம் வந்து கேட்போம். அந்த வில்லியனூர்த் தாயை நாங்கள் மறக்கவில்லை.

அதுவரை என்ன செய்யலாம்? 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. தானம் கொடுத்த இளைஞரின் இரத்தத்தில் கிருமி இருப்பது, முன்பு அவர் கொடுத்த தானத்திலேயே தெரிந்திருந்தும், அந்தச் செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தன் நிலை தெரிந்தவுடன் தாமாக வந்து சொன்னவர் அவரே. அங்கே தவறியது கருவியல்ல. ஒரு மனிதருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதே அந்தத் துயரத்தின் வேர்.

எங்கள் தீர்மானத்தை அந்த அம்மாவுக்கு எழுதினோம். "கருவி வேண்டாம் என்றால், அந்தப் பணத்தில் இன்றைக்கே பிரயோஜனப்படுவது எதுவோ அதைச் செய்யுங்கள்" என்று பதில் எழுதினார். அதன்படி மூன்று காரியங்களைத் தொடங்கியிருக்கிறோம். சேமிப்பு அறைக்கு, வெப்பநிலையைத் தானே பதிவு செய்து, ஏறினால் மணி அடிக்கிற புதிய குளிர்பதனப் பெட்டி வாங்கினோம். இரத்தம் ஏற்றும்போது முதல் கால் மணி நேரம் கட்டிலை விட்டு நகராமல் பார்க்கவும், நடுக்கம் கண்டால் நிறுத்தவும், பையைப் பத்திரப்படுத்தவும், தேசிய அளவில் 2012-ல் தொடங்கிய இரத்தக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அதைத் தெரிவிக்கவும் எல்லா சிஸ்டர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறோம். மூன்றாவது, தவறாமல் தானம் கொடுக்கிறவர்களின் பதிவேடு. அவர்களுடைய பரிசோதனை முடிவு எதுவாக இருந்தாலும், இரத்த வங்கியோடு சேர்ந்து, இரகசியமாக, ஆனால் கட்டாயமாக அவர்களுக்குப் போய்ச் சேரும்படி ஒருவரை நியமித்திருக்கிறோம்.

இன்னொன்றும் செய்கிறோம். டெங்குக் காய்ச்சலில் எண்ணிக்கை குறைந்தவுடனே தட்டணு ஏற்றுங்கள் என்று உறவினர்கள் பதறுகிறார்கள். இரத்தக் கசிவு இல்லாமல், எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. தேவையில்லாத பையை ஏற்றாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுகிறோம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணத்தை இன்று கேட்கவில்லை. 18 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர், எடை 45 கிலோவுக்குக் குறையாதவர், நல்ல உடல்நலம் உள்ளவர் ஒருவரை ஒவ்வொரு குடும்பமும் எங்களுக்குத் தாருங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆபத்து நேரத்தில் உறவுக்காக ஓடிவந்து கொடுப்பவர் சிலவற்றை மறைக்க நேரிடலாம். கட்டாயமில்லாமல், மனமுவந்து, திரும்பத் திரும்பக் கொடுப்பவரின் இரத்தமே பாதுகாப்பானது என்பது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். முக்கியமாக, அங்கே கொடுக்கும் கேள்வித்தாளில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். பத்து நாளுக்கு முன் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அன்று திருப்பி அனுப்பினால் வருத்தப்பட வேண்டாம். குறித்த காலம் கழித்து வரலாம்.

பதிவேடு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தேநீர் அருந்தப் போகும் வழியில் பெயரை எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். முதல் பக்கத்தில் முதல் பெயர் அந்த அம்மாவின் பேரனுடையது. லீவுக்கு வரும்போதெல்லாம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.